மருந்துக்கடையோடு நின்றுவிடக் கூடாது

1972இல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது, அதுவரை கைகொடுத்துவந்த குளோராம்பெனிகால் மருந்து பலிக்கவில்லை. கிருமிக்கு இருந்த எதிர்ப்புத்திறன் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்று ஆய்வாளர்கள் சி.கே.ஜெயராம் பணிக்கரும் விமலாவும் அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கேரளம் உலகுக்குத் தந்த எச்சரிக்கை அது. அதன் முழுப் பொருளும் இன்னும் நமக்கு உறைக்கவில்லை.

குடல் கிருமிகள் இரண்டு வழிகளில் மருந்தை வெல்கின்றன. டைபாய்டு கிருமியின் ஜைர்-ஏ மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே சிப்ரோபிளாக்சசின் சரியாகப் பிடிகொள்ளாது. இந்த மாற்றம் அந்தக் கிருமியின் வாரிசுகளுக்கு மட்டுமே போகும். பிளாஸ்மிட் வழி இதைவிட ஆபத்தானது. குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் இந்த டி.என்.ஏ. வளையம், பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்தபடி இனம்விட்டு இனம் தாவும். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் டைபாய்டு கிருமி செஃப்ட்ரியாக்சோனையும் முறியடித்தது இப்படித்தான். அதற்கான பிளாஸ்மிட், ஈ.கோலை போன்ற சாதாரணக் குடல்வாசிகளிடமிருந்து வந்தது. காலராவும் விலக்கல்ல. 1992இல் சென்னையில் பிரித்தெடுத்த ஓ-139 கிருமியில்தான் எஸ்.எக்ஸ்.டி. என்ற தாவும் மரபணுத் தொகுப்பு முதலில் அடையாளம் காணப்பட்டது.

வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் விழுங்கும்போது குடலில் சாவது மருந்துக்குப் பணியும் பாக்டீரியாக்கள். எதிர்ப்பு மரபணு உள்ளவை பெருகும். கழிவறை வழியே சாக்கடைக்கும் போகும். மருந்தை விழுங்கியவருக்கு இவற்றால் ஒரு நோயும் இருக்காது.

மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தவென கேரளம் 2018இலேயே மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2024இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ வந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்ற கடைகள் சோதனைக்குள்ளாயின. மனதாரப் பாராட்ட வேண்டிய முயற்சி, தமிழ்நாடும் பின்பற்றலாம். ஆனால், கடையில் விற்பனையைத் தடுத்தாலும், ஏற்கெனவே கழிவுநீரில் கலந்துவிட்ட மரபணுவை அது தொடாது. அதே 2024 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரையில் ஒரு காப்பகத்தில் காலரா தலைகாட்டியது. அசுத்த நீர் இருக்கும்வரை இந்தக் கிருமிகளுக்கு வழி திறந்தே இருக்கும்.

திருவனந்தபுரத்தில் காலரா கிருமியின் மரபணுக்களை ஆராய்ந்துவரும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. முட்டத்தறையில் நகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அங்கே வந்துசேரும் நீரில் எந்தெந்த எதிர்ப்பு மரபணுக்கள் கூடுகின்றன என்று மாதந்தோறும் பரிசோதித்து, முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். கேரள அரசு இதைத் தலைநகரிலிருந்தே தொடங்கட்டும்.