சளியில் கிருமி இல்லையென்றால் காசநோயே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய் ஒழிப்பில் சாதனை என்று அதிகாரிகள் மார்தட்டும் செய்தியைத் தங்கள் இதழில் படித்ததும் வயிறு எரிந்தது. போன மாதம் என் தம்பி மகன் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான்.

தினமும் மாலையில் காய்ச்சல். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்து, "கிருமி இல்லை" என்று சீட்டில் எழுதி, வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் இதயம் பானை போல் பருத்துத் தெரிந்தது. அதைப் பார்த்தும் எக்கோ எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கால் வீங்கி, கழுத்து நரம்பு புடைத்து, மயங்கி விழுந்த பிறகு கடன் வாங்கித் தனியாரிடம் ஓடினோம். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. ஊசி வழியாக இறக்கிய நீர் இரத்தம் கலந்து சிவந்திருந்தது. காரணம், காசநோய்.

அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேட்டால், "இது அபூர்வமான நோயம்மா" என்கிறார்கள். எந்த ஊரில் அபூர்வம்? காசம் மலிந்த நாடுகளில் இதய உறையில் நீர் கோப்பதற்கு முக்கியக் காரணமே இந்தக் கிருமிதான். அது இதய உறையில் உட்கார்ந்திருக்கும்போது சளியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கூட்டம் அதிகம், ஆள் பற்றாக்குறை என்ற சமாதானமும் வேண்டாம். கையில் இருந்த எக்ஸ்ரேயைப் பார்க்க எத்தனை ஆள் வேண்டும்?

காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம். அந்த மையம் இருக்கும் மாநிலத்தில்தான் இந்த அலட்சியம். 2025க்குள் ஒழிப்போம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இலக்கும் கணக்கும் தவிர வேறெதுவும் அதிகாரிகள் கண்ணில் படுவதில்லை.

பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய நோய் இது. விட்டுவிட்டால் உறை தடித்து, சுண்ணாம்பு படிந்து இதயத்தை இறுக்கும். பிறகு நெஞ்சைத் திறந்து உறையையே உரித்தெடுக்க வேண்டிவரும். சளியில் கிருமி இல்லாமல் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் விடாதவர்களுக்கு எக்கோ எடுத்தே தீர வேண்டும் என்று சுகாதாரத் துறை உடனே உத்தரவு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த இயந்திரத்தை இயக்க ஆள் நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி