யாருடைய நம்பர், யாருடைய ஃபோனில்?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்புக் குரூப்களில் இருக்கும் உம்மாமாரும் அவற்றை நடத்தும் டீச்சர்மாரும் வாசியுங்கள். அதிபர்மார் இரண்டு தடவை வாசித்தாலும் பரவாயில்லை.

பாடசாலை வேலைக்கு எந்த அப்பைப் பாவிக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். "எல்லாருக்கிட்டயும் வட்ஸ்அப் இரிக்கி, அதுல போடுங்க." இவ்வளவுதான் பதில். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடும். மைதானத்துக்கு மண் போடும் விடயத்தை ஒரு மணித்தியாலம் பேசுவோம். நூற்றுக்கணக்கான பெண்களின் தொலைபேசி எண்களை யார் யார் கையில் கொடுக்கிறோம் என்பதற்கு அரை நிமிடம் போதும்!

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் எழுதுகிறோம். வட்ஸ்அப் கெட்டது என்று சொல்ல வரவில்லை. எல்லோரிடமும் இருக்கிறது என்பதை வைத்து ஒரு விடயத்தைத் தீர்மானிப்பது சரியில்லை என்கிறோம். 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேறு வழி இருக்கவில்லை, கையில் இருந்ததைப் பாவித்தோம். அது அவசர காலம். அவசரத்துக்குக் கட்டிய கொட்டிலை வீடென்று சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் குடியிருப்பது ஏன்?

வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் குரூப்பில் 40 எண்கள். ஒவ்வொரு எண்ணும் மற்ற 39 பேருக்கும் தெரியும். அந்த 39 ஃபோன்களும் உம்மாமாரிடம் மட்டுமா இருக்கின்றன? சில ஃபோன் வாப்பாவுடையது, சிலது கடையில் நிற்கும் நானாவுடையது, சிலது சாச்சாவிடம் இரவல் வாங்கியது. தன் மகளின் வீட்டு வேலையைத் தெரிந்துகொள்ள ஒரு பெண் குரூப்பில் சேரும்போது அவளுடைய எண், புரொஃபைல் படம், கடைசியாக ஃபோன் பார்த்த நேரம் எல்லாம் முன்பின் தெரியாத ஆண்களின் கைக்குப் போகலாம். படத்தையும் நேரத்தையும் மறைக்க செட்டிங்ஸில் இடம் உண்டு. எண்ணை மறைக்க சாதாரண குரூப்பில் வழியே இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தாய்க்கு வகுப்புக் குரூப்பிலிருந்து எண்ணை எடுத்த ஒருவன் இரவு பதினொரு மணிக்கு "ஹாய்" போடத் தொடங்கினான். ப்ளொக் பண்ணினார், வேறு எண்ணில் வந்தான். யாரிடம் சொல்வது? சொன்னால் "நீ என்ன படம் வெச்சிருந்தாய்" என்றுதான் முதல் கேள்வி வரும், நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா! அவர் சத்தமில்லாமல் குரூப்பை விட்டு விலகினார். இரண்டு கிழமை கழித்துப் பாடசாலை நேரத்தோடு விட்ட ஒரு நாளில் அவருடைய பிள்ளை கேற்றடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. கேட்டதற்கு "குரூப்பில போட்டோமே" என்று பதில் வந்தது.

பாடசாலையின் அறிவித்தல் ஒரு தனியார் கம்பனியின் அப்புக்குள் மட்டும் இருப்பதையும், அதைப் பெற ஒரு பெண் தன் எண்ணை ஊருக்கே கொடுக்க வேண்டியிருப்பதையும் எந்த சுற்றுநிருபம் கட்டாயமாக்கியது? எங்கள் கையில் அப்படியொன்று கிடைக்கவில்லை. வழக்கம் கட்டாயமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இதற்கான வழி அதே வட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் 'கம்யூனிட்டி' என்று ஒரு வசதி வந்தது. அதில் உள்ள அறிவித்தல் பகுதியில் அட்மின் மட்டுமே எழுதலாம். உறுப்பினர்களின் எண் அட்மின்மாருக்குத் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. கூடவே வரும் பொதுக் குரூப்பில் மட்டும் யாரையும் சேர்த்துவிடாதீர்கள், ஒரே குரூப்பில் இருப்பவர்களுக்கு எண்கள் தெரிந்துவிடும். செய்ய பத்து நிமிடம் போதும், ஒரு சதம் செலவில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. "ஜஸாகல்லாஹ் டீச்சர்" நாற்பதும், ஜும்ஆ முபாரக் படங்கள் நாற்பதும், அடுத்த வீட்டு ஆடு காணாமல் போன செய்தியும் வராது. முக்கியமான அறிவித்தல் அவற்றுக்கு அடியில் புதையாது.

"அட்மின் டீச்சரின் எண் தெரியுமே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இரவு பத்தரைக்கு "டீச்சர், நாளைக்கு வெள்ளை சப்பாத்தா கறுப்புச் சப்பாத்தா?" என்று கோல் வாங்குபவர்கள் நாங்கள்தான். பதில் சொல்லாவிட்டால் மறுநாள் "பெரிய ஆள்" என்ற பெயர் வேறு. பாடசாலைக்கென்று ஒரு சிம்மும் ஒரு சாதாரண ஸ்மார்ட் ஃபோனும் வாங்குங்கள், அது அலுவலகத்தில் இருக்கட்டும். பரிசளிப்பு விழாவுக்கு மேடைச் சோடனை செய்யும் காசில் ஒரு பங்கு போதும்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில் வட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது தொழில்நுட்ப நானாமார் சிலர் "எல்லாரும் டெலிகிராமுக்கு வாங்க, அதுதான் பாதுகாப்பு" என்று புறப்பட்டார்கள். இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. வட்ஸ்அப்பில் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் கம்பனியாலும் வாசிக்க முடியாது. யார் யாருடன் எப்போது தொடர்பு கொண்டார் என்ற விபரம் கம்பனிக்குத் தெரியும், அது வேறு விடயம். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு இந்த மறையாக்கமே இல்லை. 'ரகசிய சட்' என்று தனியாகத் திறந்தால் மட்டும் உண்டு, குரூப்களுக்கு அதுவும் இல்லை. 2024 ஓகஸ்டில் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்ஸில் கைதானார். அடுத்த மாதமே, சட்டபூர்வமான கோரிக்கை வந்தால் பாவனையாளரின் எண்ணையும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று கம்பனி அறிவித்தது. கடந்தகால வினாத்தாள் தரவிறக்க டெலிகிராம் நல்ல இடம். எண்ணை மறைக்கவும் அதில் முடியும். ஆனால் "பாதுகாப்பு" என்ற பெயரில் உம்மாமாரை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

உண்மையில் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் சிக்னல் இருக்கிறது. இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது, விளம்பரம் இல்லை, 2024 முதல் எண்ணைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரோடு பேசலாம். ஆனால் எங்கள் சமூகத்தில் அதைச் சொன்னால் முகம் மாறுகிறது. "அது என்னத்துக்கு, ஒளிக்கிறதுக்கு ஏதும் இருக்கா?" 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பயம் இது. அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று எடுத்து ஹசலக்கவில் ஒரு சகோதரியைக் கைது செய்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் பயம் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள். பூட்டுப் போட்ட பெட்டிக்குப் பயப்படுகிறோம். முன்னூறு பேர் குரூப்பில் யாரோ அனுப்பும் வீடியோ தானாக எங்கள் ஃபோன் கெலரியில் இறங்குவதற்குப் பயப்படுவதில்லை! தானியங்கித் தரவிறக்கத்தை இன்றே நிறுத்துங்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்தில் இருக்கிறது. டேட்டாவும் மிச்சமாகும்.

பிள்ளையின் புள்ளி, வீட்டுப் பிரச்சினை, வசதிக் கட்டணம் கட்டாத விடயம் இவையெல்லாம் எந்த அப்பிலும் குரூப்புக்குப் போகக் கூடாது. 40 பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலைப் படமெடுத்துப் போடும் பழக்கம் இன்னும் சில வகுப்புகளில் உண்டு. கடைசி இடத்தில் இருக்கும் பிள்ளையின் உம்மா அதை எப்படிப் பார்ப்பார்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்துக்கு முன்பே எங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்ற ஒன்று இருக்கிறது, அதை விளக்க இங்கே யாருக்கும் தேவையில்லை.

வீடியோ வகுப்புக்கு வருவோம். ஸூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வெட்டும், கூகுள் மீட் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 60 நிமிடம். மீட் நல்லது என்பது எங்கள் கட்சி. இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது, கணினியில் என்றால் புரவுசரிலேயே வேலை முடிந்துவிடும், எண் யாருக்கும் தெரியாது. வட்ஸ்அப் வீடியோ கோலில் 32 பேருக்கு மேல் இடமில்லை, எங்கள் வகுப்புகளோ அதைவிடப் பெரியவை. ஆனால் எதைத் தெரிவு செய்தாலும் கெமராவைத் திறக்கச் சொல்லி வளர்ந்த பெண்பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் ஒரே அறை, பின்னால் உம்மா சமைக்கிறார், தம்பி குளித்துவிட்டு ஓடுகிறான். அந்தப் பிள்ளை கெமராவை மூடி வைப்பதற்குக் காரணம் கவனமின்மை இல்லை, வெட்கம். குரலைக் கேட்டாலே படிக்கிறதா தூங்குகிறதா என்று கண்டுபிடிக்க முடியாத டீச்சர் இருக்கிறாரா?

"எல்லாருக்கிட்டயும் இரிக்கி" என்பது உண்மையா என்பதையும் பாருங்கள். அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், கோல் எடுக்க முடியாது. அதனால் வாப்பா அங்கே உள்ள வீடுகளில் இமோ அல்லது பொடிம் இருக்கும். பழைய 32 ஜிபி ஃபோன், அதில் ஏற்கனவே இரண்டு மூன்று அப். இன்னொன்று போடச் சொன்னால் எதை அழிப்பது? பிள்ளை பிறந்த நாள் படங்களையா? அதோடு பல வீடுகளில் போடுவது சமூக வலைத்தளங்களுக்கு மட்டும் வேலை செய்யும் மலிவான டேட்டா பெக்கேஜ். அந்தப் பெக்கேஜில் இல்லாத அப்பில் வகுப்பு வைத்தால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. வகுப்பு வைக்கும் முன் இதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். புதிய அப்களைப் பற்றி உற்சாகமாகப் பேசுபவர்கள் இந்த ஃபோனை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விடயத்தை நாட்டு நடப்பு மூன்று தடவை காட்டிவிட்டது. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும், 2019இல் ஏப்ரல் 21க்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பும் அதில் அடக்கம். ஊரில் பதற்றம், பிள்ளை எங்கே என்று தேடும் நேரத்தில்தான் அது நிற்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் கடதாசியில் எழுதிய ஒரு பட்டியல் இருக்கட்டும். எஸ்எம்எஸ்ஸும் சாதாரண கோலும் அந்த நாட்களில் கைகொடுத்தன. கேற்றடியில் ஒரு அறிவித்தல் பலகை இருக்கட்டும். பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி எழுதிப் பெற்றாரின் கையொப்பம் வாங்கும் பழக்கத்தையும் விடாதீர்கள், அதற்கு பெட்டரி தேவையில்லை.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழும்பி மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் எண்கள் யாருக்குத் தெரிகின்றன? குரூப்பில் இல்லாத பெற்றாருக்கு அறிவித்தல் எப்படிப் போகிறது? பாடசாலைக்கென்று ஒரு எண் எப்போது வரும்? உம்மாமார் கேட்கக் கூச்சப்பட்டால் நாங்கள் கேட்கிறோம், பக்கத்தில் இருந்து தலையாட்டினால் போதும்.

கம்யூனிட்டி அமைக்கத் தெரியாத டீச்சர்மார் இன்பொக்ஸுக்கு வாருங்கள். படிப்படியாக ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறோம், எண்களை எல்லாம் மறைத்துவிட்டுத்தான்.