வேகமாக அனுப்பினால் மட்டும் போதுமா? பழைய தாள்களுக்குப் பொது மேசை வேண்டும்

கோலாலம்பூர்: 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது. நம் அச்சுத்தாள்களை இனி யார் காப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து நம் முன் நிற்கிறது. நாளிதழ்கள் மட்டுமல்ல, மூடப்பட்ட தோட்டங்களின் பள்ளி மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் வீட்டு அலமாரிகளில் செல்லரிக்கின்றன.

ஸ்கேன் செய்ய ஆள் கிடைத்தாலும் சிக்கல் அடுத்த படியில் வருகிறது. தெளிவாக எடுத்த பக்கங்கள் பெரிய கோப்புகளாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பொடி எழுத்து மங்கிப்போகும். கிள்ளானிலிருந்து 50 ஜிகாபைட்டை, விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவேற்ற ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். நடுவில் இணையம் அறுந்தால், சாதாரண முறையில் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதற்குத் தீர்வாக வந்தவைதான் அதிவேகக் கோப்புப் பரிமாற்ற மென்பொருள்கள். வழக்கமான முறையில் அனுப்பும் கணினி, மறுமுனையின் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து அனுப்பும். தூரம் கூடினால் காத்திருப்பும் கூடும். பின்னர் ஐபிஎம் வாங்கிய 'அஸ்பெரா' போன்றவை காத்திருக்காமல் அனுப்பி, விடுபட்ட துண்டை மட்டும் மீண்டும் அனுப்புகின்றன. ஆனால் வீட்டு இணைப்பின் வேகத்தை எந்த மென்பொருளாலும் கூட்ட முடியாது. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே தூரம் ஒரு தடையே அல்ல. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதிதான் நமக்கு முதலில் தேவை.

அதைவிட முக்கியமானது, கோப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பது. ஒருவரின் வன்தட்டில் சேர்ந்தால் அதுவும் இன்னொரு அலமாரிதான். பலர் சேர்ந்து திருத்தும் தளத்தில் நேராகச் சேர்ந்தால்தான் பயன்.

இதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நூல்களின் ஸ்கேன் கோப்புகளைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது. அவை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றப்பட்டன. தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் ஸ்கேன் படமும் மறுபக்கம் எழுத்துமாகத் திறக்கும். கணினி படித்துத் தந்த எழுத்தைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகத் திருத்துகிறார்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகிறது.

நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் புதிய மென்பொருளுக்குப் பணம் செலவிடும் முன் மூன்று கேள்விகள் கேட்கட்டும். அறுந்த இடத்திலிருந்து பதிவேற்றம் தொடருமா? ஏறிய கோப்பு, ஆண்டும் பக்க எண்ணும் குறித்து, எல்லாரும் திருத்தும் இடத்தில் சேருமா? உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்றா? மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு என்பதை மறக்கக்கூடாது.

பத்துப் பக்கம் திருத்த ஒரு மாணவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். தோட்டம் கைமாறிவிட்டது, பள்ளி இடம் மாறிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் இருப்பது அந்தத் தாள்களில்தான்.