தன் மகரந்தம் ஏற்காத தேயிலைப் பூ

நம் கேமரன் மலைத் தேயிலைச் செடி, கவாத்துக்குத் தப்பி வளர்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். ஒரே பூவில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. ஆனாலும் தன் மகரந்தத்தால் அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஏன்?

மகரந்தம் சூலகமுடியில் முளைத்து, நுண்குழாய் விட்டுச் சூலகம்வரை இறங்கும். அது தன் செடியுடையது என்றால் அங்கே கரு நிலைக்காது. தேனீயோ ஈயோ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் விதை முற்றும். இதைத் தன்மலட்டுத்தன்மை என்பார்கள்.

ஆகவே விதையில் முளைத்த செடிகள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல. ஒன்றைப்போல் ஒன்று இராது. 1929-ல் இங்கே போ தோட்டம் தொடங்கிய காலத்தில் உலகெங்கும் தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்தே வளர்ந்தது. ஓர் இலையோடு தண்டுத் துண்டை நட்டு வளர்க்கும் முறை பிறகுதான் பரவியது. அதனால் கொழுந்து ஒரே சீராக வரும். ஆனால் எல்லாம் ஒரு தாயின் நகல். ஒரு செடியை வீழ்த்தும் நோய் நிரை முழுவதையும் வீழ்த்தலாம்.

பிள்ளைகளுக்கு மலைச்சரிவைக் காட்டுங்கள். எங்கும் ஒரே பச்சை என்றால் தண்டில் வந்தவை. செடிக்குச் செடி இலையும் நிறமும் மாறினால் விதையில் வந்தவை. அந்தப் பழஞ்செடிகளை இளக்காரமாக எண்ணாதீர்கள். நாளைய நோயைத் தாங்கும் குணம் அவற்றில் ஒன்றிடம் இருக்கலாம்.