பிள்ளை தானாகத் தெரிவு செய்ய ஒரு பாடம் வேண்டும்

 

பருத்தித்துறையிலும் அயலிலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிற நாங்கள் சிலபேர் கொஞ்ச நாட்களாகப் பின்னேரங்களில் கூடிப் பேசி வருகிறோம். தரம் 8, 9 பிள்ளைகளுக்கு, பாடத்திட்டத்துக்கு வெளியே, அவர்களே விரும்பித் தெரிவு செய்து படிக்கக்கூடிய சில சிறிய பாடங்களை எல்லாப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்து திட்டமிடலாமா என்பதுதான் பேச்சு. இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் சிலர், "இது ஓ.எல்லுக்கு உதவுமோ?" என்று கேட்டார்கள். ஆசிரியர்கள் சிலர், "இருக்கிற வேலை காணாதெண்டு இன்னொரு வேலையோ?" என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் 'தெரிவு' என்ற சொல்லைப் பார்ப்போம். சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை 9 பாடங்களுக்குத் தோற்றுகிறது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றும் தெரிவுப் பாடங்கள். சுற்றறிக்கையில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் மனம் குளிரும். சங்கீதம், சித்திரம், நாடகம், விவசாயம், மனையியல், தகவல் தொழில்நுட்பம், இரண்டாம் மொழி சிங்களம், நீர்வாழ் உயிரின வளம் பற்றிய பாடம் என்று நீண்டுகொண்டே போகும். ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது அந்தப் பட்டியல் இல்லை. தன் பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம்தான் கிடைக்கும். பெரிய பாடசாலையில் ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். சின்னப் பாடசாலையில் ஒன்றில் ஒன்றைத்தான் 'தெரிவு' செய்யலாம். கடலோரத்தில் இருக்கிற இந்த ஊரில் கடல்வளம் பற்றிய பாடத்தை எத்தனை பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரு பாடசாலை தனியே மருந்து தேட முடியாது. ஆனால் நான்கைந்து பாடசாலைகள் சேர்ந்தால் முடியும். ஒரு பாடசாலையில் நல்ல சித்திர ஆசிரியர் இருக்கிறார், இன்னொன்றில் இரசாயன ஆய்வுகூடம் பூட்டியபடி கிடக்கிறது, மற்றொன்றில் சரளமாகச் சிங்களம் பேசுகிற ரீச்சர் இருக்கிறார். இப்போது இவை எல்லாம் அந்தந்த மதிலுக்குள்ளேயே நிற்கின்றன. மதிலுக்கு வெளியே கொண்டுவந்தால் அதே வளம் ஐந்து மடங்கு பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து திட்டமிட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

இந்த யோசனை புதிதில்லை. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் 'முன் தொழில்நிலைப் பாடம்' என்று ஒன்று வந்தது. எங்கள் மூத்த வாசகர்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள். அந்தந்த ஊரின் தொழில்களை வைத்து, பாடசாலையே பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது அதன் எண்ணம். அதற்கும் முன்னர், 1932 இல் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. நல்ல மனதோடு செய்த முயற்சிகள்தான். ஆனால் இரண்டுமே நிலைக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியதும் முன் தொழில்நிலைப் பாடமும் கைவிடப்பட்டது.

ஏன் என்று யோசிக்காமல் நாங்கள் மறுபடி தொடங்கினால் அதே கிடங்கில்தான் விழுவோம். ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, கருவிகள் இல்லை என்பவை ஒரு பக்கம். பெரிய காரணம் பெற்றோரின் சந்தேகம். "பட்டினத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும், எங்கட பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியும் வலையுமோ?" என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தச் சந்தேகத்தை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். எங்கள் மண்ணில் தொழில் என்பது வெறும் தொழில் இல்லை. அதோடு சாதியும் சேர்ந்தே வந்திருக்கிறது. கரையோரப் பிள்ளைக்கு வலை பின்னல், தோட்டக்காரர் பிள்ளைக்கு விவசாயம், உத்தியோகத்தர் பிள்ளைக்குக் கணினி என்று நாங்கள் பிரித்துக் கொடுத்தால், 'விருப்பப் பாடம்' என்ற பெயரில் பழைய வேலியைத்தான் திரும்பவும் அடைக்கிறோம்.

ஆகவே எங்கள் முதல் விதி இதுவாக இருக்க வேண்டும்: தெரிவுப் படிவத்தைப் பிள்ளையே நிரப்ப வேண்டும். வகுப்பாசிரியர் நிரப்பக் கூடாது. புள்ளியைப் பார்த்துத் தரம் பிரிக்கக் கூடாது. ஒரு பாடத்துக்கு அதிகம் பேர் விண்ணப்பித்தால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். மீனவர் பிள்ளை வானியல் படிக்கட்டும். டொக்டர் பிள்ளை வலை பொத்தப் பழகட்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கட்டும். வெவ்வேறு பாடசாலைச் சீருடைகள் ஒரே வகுப்பில் தெரிவதே ஒரு படிப்புத்தான்.

என்ன பாடங்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் பேசியவற்றில் சிலதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் எட்டு வாரம், கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம். பரீட்சை கிடையாது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு பாடம் படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து தயாரிப்பார்கள்.

ஒன்று, கிணற்று நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீர்தான் எங்கள் உயிர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது குடாநாடே பதறியது நினைவிருக்கும். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்று நீரின் உவர்த்தன்மையையும் நைத்திரேற்றையும் அளந்து ஒழுங்கை ஒழுங்கையாக வரைபடம் போடலாம். விஞ்ஞான ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் சேரவேண்டிய இடம் இது.

இரண்டு, கடலும் கப்பலும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதையை வரைபடத்தில் பின்தொடர்ந்தாலே காற்று, நீரோட்டம், அகலக்கோடு, நெடுங்கோடு எல்லாம் வந்துவிடும். கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேரலாம். எங்கள் ஊரின் ஓய்வுபெற்ற கப்பலோட்டிகள் ஒரு நாள் வந்து பேசலாம்.

மூன்று, வல்லிபுரமும் மணற்காடும். 1936 இல் வல்லிபுரத்தில் கண்டெடுத்த பொற்சாசனம் முதல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வரை அந்த மணலுக்குள் பெரிய வரலாறு இருக்கிறது. மணல் மேட்டை அள்ளிக்கொண்டு போனால் கரைக்கு என்ன நடக்கும் என்பதையும் பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுதலாம்.

நான்கு, பருத்தித்துறை வடை. சிரிக்க வேண்டாம். ஒரு பைக்கற் வடைக்கு மா, எண்ணெய், விறகு, உழைப்பு என்று எவ்வளவு செலவாகிறது, கடைக்காரர் எவ்வளவு எடுக்கிறார், வீட்டில் சுடுகிற அம்மாவுக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்ப்பது வர்த்தகப் பாடத்தின் முதல் அத்தியாயம்.

இனி நடைமுறை. வெள்ளிக்கிழமை மதியத்தை எடுக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஜும்ஆவுக்குப் போகிற பிள்ளைகள் இங்கே எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் குறைவானவர்களை விட்டுவிட்டுப் போடுகிற நேரசூசி எல்லோருக்கும் உரியது ஆகாது. அதே காரணத்துக்காக ஞாயிறு காலையும் வேண்டாம். தேவாலயம் இருக்கிறது, அறநெறி வகுப்பு இருக்கிறது. புதன்கிழமை பாடசாலை விட்டபின் இரண்டு மணி முதல் மூன்றரை மணி வரை பொருந்தும் என்று தோன்றுகிறது. காலையில் சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த நேரம் பசிக்கும். அதற்கு ஒரு தேநீரும் பணிசும் ஒழுங்கு செய்யாமல் எந்த மேம்பாட்டையும் பேசக் கூடாது. வேறு பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோரின் கையொப்பமும் வேண்டும். பஸ் நேரத்தைப் பார்த்தே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மருதங்கேணிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஆசிரியர்களின் கேள்விக்கு வருகிறேன். இது வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே பாடக்குறிப்பு எழுதி, தனித்தனியே களைத்துப் போகிறோம். ஒருவர் தயாரித்த எட்டு வாரத் திட்டம் நான்கு பாடசாலைகளில் பயன்படுமென்றால் வேலை பகிரப்படுகிறது. அதிபர்மாரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கிழமையில் ஒரே நேரத்தில் ஒரு வெற்றுப் பாடவேளை. யப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் படிப்பிக்க மற்றவர்கள் இருந்து பார்த்து, பிறகு திருத்துகிற வழக்கம் நூறு வருசத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்கு அவர்கள் நேரம் ஒதுக்குகிறார்கள். நேரம் ஒதுக்காமல் கூட்டுமுயற்சி என்று பேசுவது வெறும் அறிக்கை.

இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கத்தின் புதிய சீர்திருத்தம் மொடியூல் முறையைக் கொண்டுவருகிறது. தரம் 6 க்கான மாற்றம் 2027 க்குப் பிற்போடப்பட்டிருக்கிறது. அது வந்து கதவைத் தட்டும்போது, சேர்ந்து திட்டமிட்டுப் பழகிய ஆசிரியர்கள் இருக்கிற ஊர் தடுமாறாது. கொழும்பிலிருந்து வருவதை அப்படியே வாங்கிப் படிப்பிக்கிறதா, அதற்குள் எங்கள் கிணற்றையும் கடலையும் வைக்கிறதா என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைசியாகப் பெற்றோருக்கு. "ரியூசன் நேரம் போகுதே" என்பீர்கள். கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் கேட்கிறோம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையில் தானாகத் தெரிவு செய்த விசயம் ஒன்றாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பாடசாலை, எந்த ரியூசன், எந்தத் துறை எல்லாம் நாங்கள்தான் தீர்மானிக்கிறோம். பிறகு ஏ.எல் முடிந்ததும் "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை முழிக்காமல் என்ன செய்யும்?

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டபமும் நுழைவாயிலும் கட்டித் தந்திருக்கிறீர்கள், நன்றி. இந்த முறை உங்கள் தொழிலைப் பற்றி ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு பேசுங்கள். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது, ஆனால் பிள்ளை மறக்காது.

அடுத்த தவணையில் இரண்டே இரண்டு பாடங்களோடு தொடங்கிப் பார்க்க விரும்புகிறோம். எந்த இரண்டு என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். உங்கள் விருப்பத்தை அல்ல, பிள்ளையின் விருப்பத்தை.