கண்ணாடியில தெரியாதது போட்டோவுல தெரிஞ்சுது

தோல் டாக்டர் கேமராவைக் கையில எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். வர்றவங்க முகத்தையெல்லாம் படம் பிடிச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு நினைப்பேன். அந்த நினைப்பு மாறினது என் அக்கா பொண்ணாலதான்.

காலேஜ் முதல் வருஷம். கன்னத்துலயும் விரல் நுனியிலயும் வெண்புள்ளி. (குஷ்டமும் இல்லை, தொத்து வியாதியும் இல்லை. கேட்கிறவங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு.) மூணு மாசமா ஆயின்ட்மென்ட், வாரம் ரெண்டு தடவை ஒளி சிகிச்சை. ஒரு நாள், "ஒண்ணும் மாறலை மாமா, இனிமே நான் வரமாட்டேன்"னுட்டா. கடைசியா ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் அறிவுரையே சொல்லலை. முதல் நாள் எடுத்த படத்தையும் அன்னிக்கு எடுத்ததையும் கம்ப்யூட்டர்ல பக்கம் பக்கமா வெச்சுப் பெரிசாக்கினார். வெள்ளைத் திட்டுக்கு நடுவுல கடுகு மாதிரி பழுப்புப் புள்ளிகள்! மயிர்க்கால்ல மிச்சமிருக்கிற நிறமி செல்கள்தான் இப்படி முதல்ல தலைகாட்டுமாம். தினமும் கண்ணாடி பார்க்கிறவளுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்து விரல். மாற்றமே இல்லை. "விரல் நுனியில முடி கிடையாது, அங்க நிறம் திரும்புறது கஷ்டம்மா"ன்னு மறைக்காம சொன்னார். என்னைக் கேட்டா, அவ சிகிச்சையை விடாததுக்குக் காரணமே இந்த ரெண்டாவது படம்தான். இவர் பொய் சொல்ல மாட்டார்னு அப்பதான் நம்பினா.

அதுக்காக எல்லாப் படமும் ஆலோசனை ஆயிடாது. முன்னாடி போன ஒரு இடத்துல, யார் யார் முகத்தையோ 'முன்', 'பின்'னு ஆல்பம் போட்டுக் காட்டினாங்க. வெளியே வந்ததும் அவ கேட்டது: "என் படமும் அதுல வருமா மாமா?" என் பார்வையில அது விளம்பரம். அவங்கவங்க படத்தை, அவங்க சம்மதத்தோட எடுத்து, அவங்களுக்கே காட்டுறதுதான் ஆலோசனை.

எடுக்கிறதுலயும் நேர்மை வேணும். அதே வெளிச்சம், அதே தூரம், அதே கோணம், பக்கத்துல ஒரு ஸ்கேல். மொபைல்ல எடுத்தா பியூட்டி மோடை அணைச்சிடணும். இல்லேன்னா டாக்டருக்கு முன்னாடி போனே குணப்படுத்திடும் :-)

வீட்ல யாராவது தோல் சிகிச்சை ஆரம்பிச்சா, முதல் நாளே படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க மக்களே. அது எங்க இருக்கும், யார் பார்ப்பாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. மூணு மாசம் கழிச்சு நினைச்சா முதல் நாள் படம் கிடைக்காது.