கழலும் மரையைக் கவனிப்பவர் யார்?

சனிக்கிழமை மாலை கரமனை சந்திப்பில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். சாலைக் கம்போளத்துக் கடைகளிலும் நகரத்து அலுவலகங்களிலும் வாரம் முழுவதும் உழைத்த தமிழர்கள், மோட்டார் சைக்கிள்களில் தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பை. பாறசாலை, களியக்காவிளை கடந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரை செல்ல வேண்டும். சிலருக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல் பயணம்.

புறப்படும் முன் வண்டியைச் சோதிப்பவர்கள் உண்டு. டயரைக் காலால் ஓர் உதை உதைப்பார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று வண்டியை ஆட்டிப் பார்ப்பார்கள். அத்துடன் சோதனை முடிந்தது. சக்கரத்தைத் தாங்கும் நட் இறுகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் அரிது.

கிறுக்குத்தனமாக நடப்பவனை ‘மரை கழன்றவன்’ என்று தமிழில் சொல்வதுண்டு. மனிதனுக்கு மரை கழன்றால் ஊருக்கே தெரிந்துவிடும். வண்டிக்குக் கழன்றால் ஓட்டுகிறவனுக்கே தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இறுக்கிய நட் தானாக எப்படிக் கழலும் என்று சிலர் கேட்கலாம். இறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் இரு பாகங்களையும் கவ்விப் பிடிக்கிறது. எஞ்சின் அதிர்வாலும் சாலைக் குழிகளாலும் அந்தப் பாகங்கள் பக்கவாட்டில் அசைந்தால், மரைகள் சிறிது சிறிதாக வழுக்கி, பிடி தளர்ந்துவிடும். 1969ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைச் சோதனை மூலம் விளக்கிக் காட்டினார். அவர் வகுத்த சோதனை முறையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிய பாதுகாப்பைத் தருவதில்லை என்பதும் தெரிய வந்தது. ஆகவே, வாஷர் போட்டிருக்கிறதே என்று நம்பி இருந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? பஸ், லாரி, ஆட்டோ ஆகியவை குறித்த காலத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளுக்கோ, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் நட்டுகளை அரசாங்கம் தொட்டுப் பார்ப்பதில்லை. பழுதான வண்டியை ஓட்டுவது குற்றம் என்று அதே சட்டத்தின் 190ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் பழுதை யார் கண்டுபிடிப்பது? வண்டிக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் ரயில்வேயிடம் பாடம் கற்கலாம். நேமம் வழியாக நாகர்கோவில் செல்லும் பாதை 1979ல் திறக்கப்பட்டது. இத்தகைய பாதைகளில் கீமேன் என்னும் ஊழியர், சுத்தியலும் ஸ்பானருமாகத் தம் எல்லை முழுவதையும் நாள்தோறும் நடந்தே பார்க்கிறார். நேற்றுப் பார்த்தாயிற்றே என்று இன்று அவர் சும்மா இருப்பதில்லை. அந்தக் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் என்ற இடத்தில், 2002 மே 10ந் தேதி, தண்டவாளம் பிரியும் இடத்தில் நட்டுகள் கழன்றிருந்ததால் ரயில் தடம் புரண்டு 7 பேர் மாண்டனர். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் இரண்டு சக்கரத்தில் ஓடும் வண்டிக்குக் கேட்க வேண்டுமா?

2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். வேகமே முதற்காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேகத்தில் ஓடும் வண்டியில்தான் தளர்ந்த நட் எமனாகிறது. கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரை சாலை அகலமான பிறகு வேகத்துக்குத் தடையும் குறைந்துவிட்டது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. வாரம் ஒரு முறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, முன்னிருந்து பின்னாகப் பார்த்து வர வேண்டும். முன் சக்கரத்து அச்சு நட், டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் போல்ட்டுகள், ஹாண்டில்பார் கிளாம்ப், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், சைலன்ஸர், சைடு ஸ்டாண்டு, பின் சக்கரத்து அச்சு நட் என்பது வரிசை. சில டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் தகட்டைப் பிணைத்திருக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் போல்ட் கழன்றால் தகடே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு, அந்த அச்சு நட்டை அன்றே மறுபடியும் பார்ப்பது அவசியம். நட்டைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருந்தால் அது அசைகிறது என்று கொள்ளலாம்.

வாடகை அறையில் இருப்பவனுக்கு ஸ்பானர் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மெக்கானிக் சரியாக இறுக்கித் தந்த அன்றே, நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பெயிண்ட் இல்லாவிட்டால் நகப்பூச்சு போதும். கோடு முறிந்து தெரிந்தால் நட் நகர்ந்துவிட்டது என்று பொருள். இதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும், கருவி வேண்டாம். தளர்ந்ததை இறுக்கும்போது, பலம் இருக்கிறதே என்று ஸ்பானரில் குழாயைச் செருகி முறுக்கக் கூடாது. அலுமினியத்தில் வெட்டிய மரை உரிந்துவிடும். பிரேக்கிலும் சக்கரத்திலும் தளர்ச்சி கண்டால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதில் உதவலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குச் செல்லும் கூட்டம் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு மெக்கானிக்கை அழைத்து உறுப்பினர்களின் வண்டிகளைச் சோதித்துக் கோடு போட்டுத் தரலாம். பெரிய செலவு ஆகாது. அரசாங்கமும் 15 ஆண்டு காத்திராமல், ஐந்தாண்டுக்கு ஒரு முறை இலவசச் சோதனைக்கு வழி செய்ய வேண்டும்.

அது வரும்போது வரட்டும். அதுவரை ஒவ்வொருவரும் தம் வண்டிக்குத் தாமே கீமேனாக இருக்க வேண்டும். ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்காகப் பத்து நிமிஷம் குனிந்து பார்ப்பது பெரிய காரியமல்ல.